செய்திகளைப் படித்துக் கொரிய மொழி கற்க முடியுமா?

நாடகங்கள் பார்த்து அடிப்படைக் கொரியம் வந்துவிட்டது, இனி செய்தி படித்தால் மொழியும் வளருமா, அந்த மக்களையும் புரிந்துகொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் முடியும். ஆனால் தினமும் இருபது தலைப்புகளை மேய்ந்தால் ஒன்றும் ஒட்டாது. ஒரே செய்தியைப் பிடித்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருங்கள். எனக்கு அப்படி அமைந்தது ஒரு பள்ளிக்கூட பேஸ்பால் செய்தி.

2024 ஆகஸ்ட் 23. ஜப்பானின் கோஷியன் மைதானத்தில் உயர்நிலைப் பள்ளிகளுக்கான கோடைக்காலப் போட்டியின் இறுதி ஆட்டம். கியோட்டோ சர்வதேச உயர்நிலைப் பள்ளி, கூடுதல் இன்னிங்ஸில் 2–1 என்று வென்றது. அங்கே வென்ற அணியின் பள்ளிப் பாடலை மைதானத்தில் ஒலிக்கவிடுவார்கள், ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே அதை நாடு முழுவதும் நேரலையில் காட்டும். அன்று ஒலித்தது கொரிய மொழிப் பாடல்.

கொரிய ஊடகங்கள் எல்லாம் இதை எழுதின. மொழி கற்பவருக்கு இது பெரிய வசதி. யோன்ஹாப் என்ற கொரியச் செய்தி நிறுவனத்தில் ஒரு கட்டுரையைத் திக்கித் திணறிப் படித்துவிட்டால், அடுத்த நாளிதழில் அதே சொற்கள் திரும்ப வரும்: உசுங் (வெற்றிப் பட்டம்), கியோகா (பள்ளிப் பாடல்), ஜேஇல் தோங்போ (ஜப்பான்வாழ் கொரியர்). தலைப்பில் வேற்றுமை உருபும் வினையும் உதிர்ந்துபோகும், ஜப்பானுக்கு ஒற்றைச் சீன எழுத்து மட்டும் நிற்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், உள்ளே போனால் வாக்கியம் நமக்குப் பழகியதுதான். ‘1947-இல் கொரியர்கள் தொடங்கிய, இன்று பெரும்பாலும் ஜப்பானிய மாணவர்கள் படிக்கும் பள்ளி’ என்று இந்தப் பள்ளியைப் பற்றி நாம் பெயருக்கு முன்னால் அடுக்குகிறோமே, கொரியச் செய்தியும் அப்படித்தான் அடுக்கி, வினையைக் கடைசியில் வைக்கும். ஆங்கிலம் வழியாகக் கொரியம் படிப்பவர்கள் திணறும் இடத்தில் தமிழர் திணற வேண்டியதில்லை.

அந்தப் பாடல் ‘தொங்ஹே’, அதாவது கிழக்குக் கடல், என்று தொடங்குகிறது. ஜப்பான் அதே கடலை ஜப்பான் கடல் என்கிறது. என்எச்கே திரையில் ‘கிழக்கே உள்ள கடல்’ என்ற பொருளில் பொதுவாகப் போட்டு, மொழிபெயர்ப்பு பள்ளி கொடுத்தது என்றும் குறித்தது. இணையத்தில் அந்தப் பள்ளிமேல் வெறுப்புப் பதிவுகள் குவிந்தன. கியோட்டோ ஆளுநர் வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டியிருந்தது. 1999-இல் முதல் அதிகாரப்பூர்வ ஆட்டத்தில் 0–34 என்று தோற்று, கால் நூற்றாண்டு உழைத்து மேலே வந்த அணிக்கு, வென்ற நாளிலேயே இது. படிக்கும்போது எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஜப்பானில் ஏன் ஒரு கொரியப் பள்ளி என்று தேடினால், கதை 1945-க்குப் போகிறது. கொரியாவில் ஜப்பானின் காலனி ஆட்சி முடிந்து பெரும்பாலோர் ஊர் திரும்பியபின் ஏறத்தாழ ஆறு லட்சம் கொரியர்கள் ஜப்பானில் தங்கினார்கள். தாய்மொழி தெரியாமல் வளர்ந்த பிள்ளைகளுக்காகத் தாங்களே பள்ளிகள் தொடங்கினார்கள். 1948-இல் அவற்றை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ஏப்ரல் 24 அன்று கோபேயில் மக்கள் திரண்டார்கள், அமெரிக்க ஆக்கிரமிப்புப் படை அங்கே அவசரநிலை அறிவித்தது. இரண்டு நாள் கழித்து ஒசாகாவில் கிம் தே-இல் என்ற 16 வயதுப் பையன் போலீஸ் குண்டுக்கு இறந்தான். மொழி படிக்கும் உரிமைக்காக இறந்த பையன்! தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொரியர்கள் இதை 4·24 என்று குறிப்பிடுவார்கள், வாயால் சொல்லும்போது ‘சா இ சா’. பெரிய நிகழ்ச்சிகளைத் தேதியாலேயே சுட்டுவது அவர்கள் வழக்கம். 1960 மாணவர் எழுச்சி 4·19, 1980 குவாங்ஜு நகர மக்கள் எழுச்சி 5·18, 2024 டிசம்பர் ராணுவச் சட்ட அறிவிப்பு 12·3. எண்களைக் காதால் பிடிக்கப் பழகாவிட்டால் அரசியல் செய்தியில் பாதி நழுவிவிடும். ஆகவே முதலில் சீன வழி எண்களை மனப்பாடம் செய்யுங்கள்.

கியோட்டோ பள்ளியின் மாணவர்களில் பெரும்பாலோர் ஜப்பானியர் என்றால் அது இன்னும் கொரியர் பள்ளியா என்று சிலர் கேட்கிறார்கள். என் பார்வையில் ஆம். கட்டியவர்களின் மொழியில் பாட்டு இருக்கிறது, பாடுவது யாராக இருந்தாலும். இதற்கு எதிர்க்கருத்து சொல்லும் கொரியக் கட்டுரைகளையும் தேடிப் படியுங்கள், வாதம் செய்யும் கொரியம் அங்கேதான் கிடைக்கும்.

இதை முடித்ததும் அதே கியோட்டோ மாகாணத்தின் உதோரோவை எடுத்துக்கொள்ளுங்கள். உஜி நகரில் கொரியர்கள் தலைமுறைகளாக வாழும் சிறு பகுதி. 2021 ஆகஸ்டில் கொரியர்மீதுள்ள வெறுப்பால் ஒருவன் அங்கே தீ வைத்தான். 2022 ஏப்ரலில் அங்கே நினைவு அருங்காட்சியகம் திறந்தார்கள், ஆகஸ்டில் அவனுக்கு 4 ஆண்டு சிறைத் தண்டனை. தீர்ப்பு நாளின் செய்தியில் தொடங்கினால் நீதிமன்றச் சொற்களும் கூடவே வந்துவிடும்.