டெக்சா ஊசியும் கிடை ஆடும்

அன்புள்ள ஐயா,

எங்கள் கலப்பினப் பசு கன்று போட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கால் வீங்கி நொண்டுகிறது. வீக்கம் குறைய டெக்சா (டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி) போடச் சொன்னதற்கு, சினை மாட்டுக்குக் கூடாது என்று டாக்டர் மறுத்துவிட்டார். ஆனால் 31 வாரக் கர்ப்பிணியான என் மருமகளுக்குத் தஞ்சாவூரில் அதே டெக்சாவை நான்கு தடவை போட்டிருக்கிறார்கள். மாட்டுக்கு ஆகாதது மனுஷிக்கு ஆகுமா?

வாசகர், பாபநாசம்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு டாக்டர்கள் செய்ததும் சரிதான். இரண்டுக்கும் மூலம் ஒன்றே: கோடையில் உங்கள் பக்கத்து வயல்களில் கிடை போடுகிறார்களே, அந்தச் செம்மறி.

செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள். ஈனும் நாளைக் குறிப்பது வயிற்றிலிருக்கும் குட்டி. 1960களில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரகாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் இதைக் கண்டார். குட்டியின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை அழித்தால் நாள் கடந்தும் ஆடு ஈனவில்லை. குட்டிக்குள் டெக்சாமெத்தசோன் செலுத்தினால் முன்கூட்டியே ஈன்றது. சொல்ல எளிது. கருப்பையைத் திறந்து, குட்டியின் ரத்தநாளத்தில் நூல்போன்ற குழாயைக் கட்டி, மறுமுனையைத் தாயின் விலா வழியே வெளியே எடுக்க வேண்டும். பனிக்குட நீர் ஒழுகினாலோ கிருமி புகுந்தாலோ குட்டி போயிற்று. ஹெப்பாரின் கலந்த உப்புநீரால் அலசாவிட்டால் ரத்தம் உறைந்து குழாய் அடைத்துக்கொள்ளும்.

கார்ட்டிசால் என்பது உடலே சுரக்கும் ஸ்டீராய்டு; டெக்சா அதன் செயற்கை வடிவம். குட்டியின் கார்ட்டிசால் நஞ்சுக்கொடியில் ஒரு நொதியைக் கிளப்பும். சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை அந்த நொதி ஈஸ்ட்ரோஜென் என்ற ஹார்மோன் பக்கம் திருப்பிவிடும். கருப்பையைச் சுருங்கவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் பெருகும், வலி எடுக்கும். பசுவுக்கும் ஏறக்குறைய இதே வழிதான். 280 நாள் கணக்கில் 260ஐத் தொட்ட மாட்டுக்கு 20 மில்லிகிராம் டெக்சா போட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் கன்று விழும். கன்று பிழைத்தாலும் நஞ்சு விழாமல் நிற்பது வழக்கம். பசுவின் நஞ்சு கருப்பையோடு நூறு இடங்களில் பொத்தான் போட்டதுபோல் பிணைந்திருக்கும். அவை கழலக் கடைசி வாரங்களின் பக்குவம் வேண்டும். தொங்கும் நஞ்சில் கல்லைக் கட்டுகிறார்களே, அது கிழித்து, ரத்தம் கொட்டவைத்து, சீழ் பிடிக்க வைக்கும் வேலை.

மனித நஞ்சுக்கொடியில் அந்த நொதி கிட்டத்தட்ட இல்லை. அதனால் டெக்சா பெண்ணுக்குப் பிரசவ வலியைக் கிளப்பாது.

அப்படியானால் எதற்குப் போட்டார்கள்? அதற்கும் அதே குட்டிகள்தாம் காரணம். ஊசியால் 117ஆம் நாளிலேயே பிறந்த ஒரு குட்டி மூச்சுவிட்டது. அந்த வயதில் நுரையீரல் விரியவே கூடாது. அறுத்துப் பார்த்தால் ஓரளவு விரிந்திருந்தது. காற்றறைகள் ஒட்டிப்போகாமல் காக்கும் வழவழப்பு முன்பே சுரந்துவிட்டது. பிறகு லிக்கின்ஸும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியும் 282 தாய்மாரிடம் டெக்சாவின் இனமான பீட்டாமெத்தசோனைச் சோதித்து 1972இல் வெளியிட்டார்கள். முன்கூட்டியே பிறந்த குழந்தைகளில் மூச்சுத்திணறல் 25.8 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது.

உங்கள் மருமகளுக்குப் போட்டது 12 மணிக்கு ஒருமுறை 6 மில்லிகிராம், நான்கு தடவை. முதல் ஊசிக்கு 24 மணி நேரத்துக்குப் பிறகு, ஏழு நாளுக்குள் பிரசவமானால்தான் முழுப்பலன். இரண்டு ஊசியோடு வீட்டுக்குக் கூட்டிவருவது பெரிய தவறு. சர்க்கரை இருந்தால் சில நாள் ஏறும். அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள்.

மாட்டுக்கு முதலில் குளம்பிடுக்கைக் கழுவிப் பாருங்கள். ஈரத் தொழுவத்தில் நிற்கும் மாட்டுக்கு அங்கே புண்ணும் நாற்றமும் இருந்தால் அது குளம்பழுகல். அதற்கு ஆன்டிபயாடிக்கும் உலர்ந்த தரையும்தான் வேண்டும். டெக்சா அந்தப் புண்ணை ஆறவிடாது.