நீராவிப் படத்தில் கறுப்பு எதைக் குறிக்கிறது?

கேள்வி: இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் நீராவிக்கென்று தனியாக ஒரு செயற்கைக்கோள் படம் வெளியாகிறது. கண்ணுக்கே தெரியாத நீராவியை எப்படிப் படம் பிடிக்கிறார்கள்? புழுக்கம் தாங்காமல் வியர்த்துக் கொட்டும் நாளில்கூட எங்கள் கடற்கரைப் பகுதி அந்தப் படத்தில் கறுத்துத் தெரிகிறதே, ஏன்?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கண்ணுக்குப் புலனாகும் ஒளியை நீராவி ஏறக்குறைய முழுவதுமாக ஊடுருவ விட்டுவிடுகிறது, அதனால்தான் அது நமக்குத் தெரிவதில்லை. ஆனால் 6.5 முதல் 7.1 மைக்ரோமீட்டர் வரையிலான அகச்சிவப்புக் கதிர்களை அது நன்றாக உட்கவர்ந்து, தன் வெப்பநிலைக்கு ஏற்பத் தானும் அதே கதிர்களை வெளியிடுகிறது. சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் புவியோடு இணைந்து சுற்றும் இன்சாட்-3டிஆர் (2016), இன்சாட்-3டிஎஸ் (2024) ஆகிய இந்திய வானிலைச் செயற்கைக்கோள்களின் படக்கருவிகளில் இதற்கென்றே ஓர் அலைவரிசை உள்ளது. சூரிய ஒளியை நம்பியிராததால் இரவிலும் படம் கிடைக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. தரையை ஒட்டிய நீராவி வெளியிடும் கதிர்களை அதற்கு மேலுள்ள நீராவி விழுங்கிவிடுவதால், செயற்கைக்கோளை வந்தடைவது பெரும்பாலும் 5 முதல் 10 கி.மீ. உயரத்திலிருந்து கிளம்பும் கதிர்களே. மாடியிலிருந்து மழைக்காலத் தெருவைப் பார்ப்பவருக்குக் குடைகள் தெரியுமே தவிர, பிடித்திருக்கும் ஆட்கள் தெரிவதில்லை அல்லவா? மேலடுக்கு ஈரமாக இருந்தால், குளிர்ந்த உயரத்திலிருந்து வரும் வலுக்குறைந்த கதிர்கள் வெண்மையாகக் காட்டப்படுகின்றன. அது வறண்டிருந்தால், சற்றுத் தாழ்வான, வெப்பமான அடுக்கின் கதிர்கள் கறுப்பாகத் தெரிகின்றன. புழுக்கத்தைத் தரும் நீராவியோ முதல் ஓரிரு கிலோமீட்டருக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பது. ஆகவே வெண்மை என்றால் மழை என்றோ, கறுப்பு என்றால் வறட்சி என்றோ இந்தப் படத்தைப் படிக்கக் கூடாது. வங்கக் கடல் புயலுக்குள் வறண்ட காற்று கறுப்பு நாக்குப்போல் நுழைகிறதா என்பதைக் கண்காணிப்பதற்கு, என் கருத்தில், இதைவிடத் தெளிவான படம் வேறில்லை.

அடுக்கடுக்காக ஈரப்பதத்தைக் கணிக்க வேறு கருவிகள் தேவை. இன்சாட்டிலுள்ள ‘சவுண்டர்’ எனும் அகச்சிவப்புக் கருவி 18 அலைவரிசைகளில் அதைச் செய்கிறது; அடர்ந்த மேகம் குறுக்கிட்டால் அதற்குக் கீழே அதன் பார்வை எட்டாது. நுண்ணலைகள் பெரும்பாலான மேகங்களை ஊடுருவக்கூடியவை. இந்தியாவும் பிரான்சும் இணைந்து 2011-இல் ஏவிய மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளின் சபீர் கருவி, 183 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய ஆறு அலைவரிசைகளில் வெப்பமண்டலத்தின் ஈரப்பதத்தை அளந்தது. 2023 மார்ச்சில் அது பசிபிக் கடலுக்கு மேல் கட்டுப்பாட்டுடன் இறக்கப்பட்டது.

தரையோர நீராவியை அடுக்கடுக்காக நேரடியாக அளப்பவை இன்றும் ஈரப்பத உணரிகளைச் சுமந்து மேலே செல்லும் பலூன்கள்தாம். உங்களுக்குப் பக்கத்திலேயே, காரைக்காலிலும் அத்தகைய பலூன் நிலையம் இருக்கிறது.