மென்பொருள் தர மாதிரிகள்: எது சிறந்தது என்று கேட்கும் மாணவருக்கு

டெஸ்டிங் வேலைக்குப் போக ஆசை, அதனால் கடைசி ஆண்டு ப்ராஜெக்டில் மென்பொருள் தர மாதிரிகளை (ஒரு மென்பொருளின் தரத்தை எந்தெந்தப் பண்புகளை வைத்துப் பார்ப்பது என்று சொல்லும் பட்டியல்களை) ஒப்பிடலாமா, அவற்றில் எது சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ‘எது சிறந்தது’ என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

வழக்கமாக என்ன நடக்கிறது? மெக்கால், போம், ஃபர்ப்ஸ், ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு) என்று மாதிரிகளின் பெயர்களை வரிசையாக எழுதி, டிக்கும் பெருக்கல் குறியும் போட்டு ஒரு அட்டவணை. அதுவும் பல இடங்களில் தப்பாக இருக்கும். மெக்காலின் 1977 மாதிரியில் உள்ள 11 காரணிகளில் ‘சோதிக்க எளிதா’ என்பதும் ஒன்று. ஐஎஸ்ஓ 9126-இன் 6 முதன்மைப் பண்புகளில் அந்தப் பெயர் இல்லை என்றதும் பெருக்கல் குறி விழுந்துவிடுகிறது. அங்கே அது பராமரிப்புத் தன்மைக்குக் கீழே உட்பண்பாக இருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. (சிலர் சிஎம்எம்ஐயையும் இதில் சேர்க்கிறார்கள். அது மென்பொருளை அல்ல, அதைத் தயாரிக்கும் முறையை அளப்பது. இந்தப் பட்டியலில் அதற்கு வேலை இல்லை.)

அட்டவணைக்குப் பதிலாக, ஓப்பன் சோர்ஸில் கிடைக்கும் சின்னச் செயலி ஒன்றை எடுத்து இரண்டு மாதிரிகளால் மதிப்பிடுங்கள். அந்தச் செயலி கடவுச்சொல்லை மறையாக்கம் செய்யாமல் அப்படியே சேமிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 9126-இல் பாதுகாப்பு, ‘செயல்பாடு’ என்ற பண்புக்குள் ஓர் உட்பண்பு. மற்ற வசதிகளெல்லாம் ஒழுங்காக இருந்தால், சராசரி போடும்போது இந்த ஓட்டை காணாமலே போய்விடும். அதற்குப் பதிலாக 2011-இல் வந்த ஐஎஸ்ஓ 25010-இல் பாதுகாப்பு தனிப் பண்பு. ஆகவே அந்த வரியில் செயலி பளிச்சென்று தோற்கும். ஒரே செயலி, ஒரே குறை, ஆனால் தீர்ப்பு வேறு. நேர்காணலில் பத்து நிமிடம் பேச இது ஒன்றே போதும்.

அப்புறம், மாதிரி தானாக எண் எதையும் தராது. ‘வேகம் நன்றாக இருக்கிறது’ என்று எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள். 10,000 பதிவுகள் இருக்கும்போது தேடலுக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்து எழுதுங்கள். எந்த அளவைத் தாண்டினால் தோல்வி என்பதையும் அளப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டில் ஒன்று 25010 ஆகவே இருக்கட்டும். ஐஎஸ்டிகியூபி (டெஸ்டிங் துறைக்கான சர்வதேசச் சான்றிதழ் அமைப்பு) அடிப்படைநிலைச் சான்றிதழின் பாடத்திட்டமும் அதைத்தான் சுட்டுகிறது, படிப்பு வீணாகாது. 2023 திருத்தத்தில் பண்புகள் 9 ஆகியிருக்கின்றன; பழைய 8-ஐ ஒப்பித்துவிட்டுப் போகாதீர்கள்.