அரபு நாடுகளை விட்டு வந்த யூதர்கள்: கேள்வி பதில்

கேள்வி: இராக் யூதர்கள் விரும்பித்தானே இஸ்ரேலுக்குப் போனார்கள்?

1941 ஜூனில் பாக்தாத்தில் ஃபர்ஹூத் கலவரம், இரண்டே நாளில் நூற்றுக்கு மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1948-இல் ஷஃபீக் அதெஸ் என்ற பெரிய வணிகரை பஸ்ராவில் தூக்கில் போட்டார்கள். 1950 மார்ச்சில் ஒரு சட்டம் வந்தது: போகலாம், ஆனால் குடியுரிமையை எழுதிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும். லட்சம் பேர் பதிவு செய்துவிட்டு, அதில் பெரும்பாலோர் இன்னும் விமானத்துக்குக் காத்திருந்த நேரத்தில், 1951 மார்ச்சில் அவர்கள் சொத்தை முடக்கி இன்னொரு சட்டம் போட்டார்கள். கடை, வீடு, வங்கிக் கணக்கு எல்லாம் போச்சு. பெரியவர்கள் கையில் எடுத்துப்போக முடிந்தது 50 தினார். இதை விருப்பம் என்று என்னால் சொல்ல முடியாது.

கேள்வி: கொச்சி யூதர்களும் இதில் சேர்த்தியா?

இல்லை. அவர்களை இந்தியாவில் யாரும் துரத்தவில்லை.

கேள்வி: 1950-51-இல் பாக்தாத்தில் யூதர்கள் கூடும் இடங்களில் வெடித்த குண்டுகளை வைத்தது சியோனிஸ்டுகள்தான் (யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட இயக்கத்தார்) என்கிறார்களே?

வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் தீராத சர்ச்சை அது. யார் வைத்திருந்தாலும், சொத்தை முடக்கிய சட்டம் இராக் அரசு போட்டதுதான்.

கேள்வி: பாலஸ்தீன அகதிகளின் உரிமையை மறுக்கத்தானே இந்தப் பேச்சையே எடுக்கிறீர்கள்?

அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பாலஸ்தீன அகதிகளைப் பற்றிப் பேசும்போது யூத அகதிகளையும் குறிப்பிட வேண்டும் என்று 2008-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை தீர்மானம் போட்டது. குறிப்பிடட்டும், அது நியாயம்தான். ஆனால் அந்த இழப்புக்கு இந்த இழப்பு சரியாய்ப் போயிற்று என்று கணக்கு நேர் செய்வது அநியாயம். பாக்தாத்காரரின் வீட்டை எடுத்துக்கொண்டது இராக் அரசு. அதற்கு, இன்று இஸ்ரேலில் இருக்கும் யாஃபாவில் வீட்டை இழந்த பாலஸ்தீனக் குடும்பம் ஏன் ஈடு கொடுக்க வேண்டும்? இரண்டு துயரத்தையும் தராசில் வைக்காதீர்கள், எத்தனை முறை வேண்டுமானாலும் இதைச் சொல்வேன்.

கேள்வி: அது சரி, ஆனால் தாங்களாகத்தானே போனார்கள்?

முதல் பதிலைப் படியுங்கள். எகிப்தையும் பாருங்கள்: 1956 சூயஸ் போருக்குப் பின் ஆயிரக்கணக்கானவர்களை வெளியேற்றினார்கள். 1957-இல் ஐ.நா. அகதிகள் ஆணையரே அவர்களை அகதிகள் என்று ஏற்றுக்கொண்டார்.

கேள்வி: இன்றைக்கு இவர்கள் கேட்பது என்ன?

அங்கீகாரம், இழப்பீடு, அப்புறம் ஆவணங்கள். 2003 மே மாதம் பாக்தாத்தில் சதாமின் உளவுத்துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில், தேங்கிய தண்ணீருக்குள் யூதர்களின் வேத நூல்களும் பள்ளிப் பதிவேடுகளும் கிடைத்தன. அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் உலர்த்திப் பாதுகாத்தார்கள். இராக்குக்கே திருப்பித் தருவதாக ஒப்பந்தம். தாத்தாவின் பள்ளிப் பதிவைப் பறித்துக்கொண்ட நாட்டுக்கே அதைத் திருப்பிக் கொடுப்பதா என்று குடும்பங்கள் கேட்கின்றன. நானும் அவர்கள் பக்கம்தான்.

கேள்வி: ஈரான் யூதர்கள்?

ஈரான் அரபு நாடு இல்லை. அதைத் தனியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.

கேள்வி: விரும்பித்தானே...

முதல் பதில்.