முரகாமி முடிந்தது, அடுத்து என்ன? ஒரு நாளில் படித்துவிடக்கூடிய சில கிழக்காசிய நாவல்கள்

கேள்வி: ஒரே மூச்சில் படித்து முடிக்கிற மாதிரி, மனதை உலுக்கும் ஜப்பானிய, கொரிய, சீன நாவல்கள் சில சொல்லுங்களேன். முரகாமி படித்தாயிற்று. பெரிய புத்தகங்களுக்கு நேரமில்லை.

பதில்:

'இதைப் படித்து அழாதவர் யாருமில்லை' என்று இன்ஸ்டாகிராமில் சுற்றும் பட்டியல்களை நம்பி நிறைய வாங்கியிருக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் கதாபாத்திரங்கள் அழுவார்கள், நாம் இன்னும் எத்தனை பக்கம் பாக்கி என்று புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம். என்னைக் கலங்கடித்த புத்தகங்களில் ஆட்களுக்கு அழ நேரமே இருக்காது. ஏதாவது ஒரு வேலையில் மூழ்கியிருப்பார்கள். பயறு வேகவைப்பார்கள், கணக்குப் போடுவார்கள், ஆட்டுக்குப் புல் அறுப்பார்கள், அடையாளம் தெரியாத பிணத்துக்குத் துணி போர்த்துவார்கள். அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நமக்குத் தொண்டை அடைத்துவிடும். கீழே சொல்பவை பெரும்பாலும் இந்த வகைதான். எல்லாம் நான் ஆங்கிலம் வழியாகப் படித்தவை. ஆங்கிலம் எளிமையாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால், துரியன் சுகேகாவா எழுதிய 'ஸ்வீட் பீன் பேஸ்ட்'. 2013இல் ஜப்பானிய மொழியில் வந்தது. சென்டாரோ என்பவன் டொராயாகி விற்கும் சின்னக் கடை ஒன்றை நடத்துகிறான். இரண்டு பஞ்சு போன்ற அப்பங்களுக்கு நடுவே இனிப்புப் பயறு விழுது வைத்துத் தருகிற பண்டம் அது. சிறைக்குப் போய்வந்தவன், கடனை அடைக்கத்தான் அந்தக் கடையில் நிற்கிறான், தொழிலில் துளி ஈடுபாடு கிடையாது. விழுதைக்கூட வெளியிலிருந்து டப்பாவில் வாங்கி அப்படியே தடவுகிறவன். ஒரு நாள் டோக்குவே என்ற பாட்டி வந்து வேலை கேட்கிறாள். வயது 76. விரல்கள் கோணியிருக்கின்றன. சம்பளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்கிறாள். அவன் மறுக்கிறான். அவள் தன் கையால் செய்த விழுதைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அதை ஒரு வாய் சாப்பிட்ட பிறகு அவனால் மறுக்க முடியவில்லை.

அதற்கப்புறம் வருகிற சமையல் பக்கங்கள்தான் இந்த நாவலின் உயிர். விடிவதற்கு முன்பே பாட்டி அடுப்பங்கரையில் நிற்கிறாள். ஊறிய பயறு வேகும்போது ஆவிக்குள் முகத்தைக் கொண்டுபோய் உற்றுக் கேட்கிறாள். இந்தப் பயறு எந்த மழையைப் பார்த்தது, எந்தக் காற்றில் ஆடியது என்று அது சொல்லுமாம். சென்டாரோவுக்கு எரிச்சல், ஒரு விழுதுக்கு இவ்வளவு நேரமா என்று. நமக்கும் முதலில் அப்படித்தான் இருக்கும். வியாபாரம் சூடு பிடிக்கிறது, கடை வாசலில் கூட்டம். பிறகு அந்தக் கைகளைப் பற்றி ஊரில் பேச்சு எழுகிறது. டோக்குவே சிறுமியாக இருக்கும்போதே தொழுநோய் வந்து மருத்துவக் குடியிருப்பில் அடைக்கப்பட்டவள். நோய் எப்போதோ குணமாகிவிட்டது. ஆனால் ஜப்பானில் நோயாளிகளைப் பிரித்து வைக்கும் சட்டம் 1996 வரை ரத்தாகவில்லை. குணமானவர்களும் வெளியே வர முடியாமல் உள்ளேயே கிழடாகிப் போனார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு, செத்த பிறகும் குடும்பம் ஏற்றுக்கொள்ளாதவர்கள் உண்டு. பயறு பேசுவதைக் கேட்கிற பொறுமை அந்தப் பாட்டிக்கு எங்கிருந்து வந்தது என்று இதற்குப் பிறகு யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. நவோமி கவாசே 2015இல் இதைப் படமாக எடுத்தார், கிரின் கிகி பாட்டியாக நடித்தார். படமும் நல்ல படம்தான், ஆனால் புத்தகத்தை முதலில் படியுங்கள்.

அடுத்தது யோகோ ஒகாவாவின் 'தி ஹவுஸ்கீப்பர் அண்ட் த ப்ரொஃபசர்', 2003. கணக்கு என்றாலே ஓடுகிற ஆளாக இருந்தாலும் இதை விட்டுவிடாதீர்கள். 1975இல் நடந்த ஒரு விபத்தில் நினைவாற்றல் சிதைந்துபோன கணிதப் பேராசிரியர். அதற்கு முந்தையது எல்லாம் ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பிந்தையது 80 நிமிடத்துக்கு மேல் நிற்காது. வீட்டு வேலைக்கு வருகிற பெண் அவருக்குத் தினமும் புதியவள். கதவைத் திறந்ததும் வணக்கம் சொல்லத் தெரியாமல், உன் செருப்பு அளவு என்ன என்று கேட்பார். 24 என்றால், ஆஹா, நான்கின் தொடர்பெருக்கம் (1×2×3×4) என்பார். அவர் கோட்டு முழுவதும் ஞாபகக் குறிப்புச் சீட்டுகள் குத்தியிருக்கும். அதில் ஒன்றில் இந்தப் பெண்ணின் முகத்தைச் சின்னப்பிள்ளை மாதிரி கிறுக்கி, 'புதிய வேலைக்காரி' என்று எழுதி வைத்திருப்பார். அப்புறம் அவள் பத்து வயது மகனைப் பற்றியும் அதில் சேர்க்கிறார். பையனின் உச்சந்தலை தட்டையாக இருப்பதால் வர்க்கமூலக் குறியின் நினைவாக அவனுக்கு ரூட் என்று பெயர் வைத்தவரும் அவரே.

அவளுடைய பிறந்தநாள் பிப்ரவரி 20, அதாவது 220. பேராசிரியரின் கைக்கடிகாரத்தின் பின்னால் பொறித்திருக்கும் பரிசு எண் 284. 220இன் வகுத்திகளை, அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு, கூட்டினால் 284 வரும். 284இன் வகுத்திகளைக் கூட்டினால் 220 வரும். ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள், நான் போட்டுப் பார்த்தேன். நட்பு எண்கள் என்று இவற்றுக்குப் பெயர். யாருமற்ற ஒரு மனிதரும், தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒரு பெண்ணும் ஒருவருக்கொருவர் ஏதோ ஆகிறார்கள் என்பதை ஒகாவா இந்தக் கூட்டல் கணக்கிலேயே சொல்லி முடித்துவிடுகிறார். காதல் வசனம் ஒரு வரி கிடையாது. பேஸ்பால் வருகிற இடங்களில் எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் பேராசிரியர் கொண்டாடும் எனட்சு என்கிற ஆட்டக்காரர் அவருக்குப் பிடித்த அணியை விட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன என்பதைத் தாயும் மகனும் அவரிடம் மறைக்கப் படும் பாட்டைப் புரிந்துகொள்ள ஆட்ட விதிகள் தெரிய வேண்டியதில்லை.

சீனத்திலிருந்து ஒன்று என்றால் யு ஹுவாவின் 'டு லிவ்', 1993. இது 200 பக்கத்தைக் கொஞ்சம் தாண்டும், மன்னித்துவிடுங்கள். நாட்டுப்பாடல் சேகரிக்க ஊர் ஊராகப் போகும் ஒருவன், வயலில் கிழட்டு மாட்டை ஓட்டி உழும் ஃபுகுய் என்ற முதியவரைச் சந்திக்கிறான். ஒரே மாடுதான், ஆனால் பெரியவர் பல பெயர்களைச் சொல்லி அதட்டுகிறார். ஏன் என்று கேட்டால், மற்ற மாடுகளும் உழைக்கின்றன என்று நினைத்தால்தான் இது சோர்ந்துபோகாது என்கிறார். அந்த இடத்தில் சிரித்துவிட்டுக் கடந்துபோவோம். அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் யாருடையவை என்று கதை போகப் போகத் தெரிய வரும்.

சூதாட்டத்தில் குடும்பச் சொத்தைத் தோற்றவர் ஃபுகுய். நிலத்தை ஜெயித்தவனைப் பிறகு நிலப்பிரபு என்று சுட்டுக் கொல்கிறார்கள். தோற்றதால் பிழைத்தார். உள்நாட்டுப் போர், நிலச் சீர்திருத்தம், கம்யூன் என்கிற கூட்டுப் பண்ணை, பஞ்சம், கலாசாரப் புரட்சி என்று எல்லாம் அந்த வீட்டு வாசல் வழியாகத்தான் போகின்றன. ஆனால் எனக்கு ஞாபகம் நிற்பது பையன் யூசிங்கின் செருப்புதான். காலையில் ஆட்டுக்குப் புல் அறுத்துப் போட்டுவிட்டு டவுன் பள்ளிக்கு ஓடுவான், மதியம் மறுபடி ஆட்டுக்காக வீட்டுக்கு ஓடி வருவான். அம்மா தைத்துக் கொடுத்த துணிச் செருப்பு தேய்ந்து கிழிகிறது, அப்பா திட்டுகிறார். அன்றிலிருந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடுவான், பனிக்காலத்திலும். அந்த ஓட்டம்தான் பிறகு அவனைப் பள்ளிப் பந்தயத்தில் ஜெயிக்க வைக்கிறது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன். படித்தவர்கள் இங்கே புத்தகத்தை மூடிவைத்து எழுந்துபோயிருப்பார்கள். சாங் இமோவின் 1994ஆம் வருடப் படம் பார்த்திருந்தாலும் நாவலைத் தவிர்க்காதீர்கள், நாவல் இன்னும் கறார்.

கொரியாவுக்கு வருவோம். ஹான் காங்குக்கு 2024இல் நோபல் கிடைத்த பிறகு எல்லோரும் 'தி வெஜிடேரியன்' வாங்குகிறார்கள். சமயவேல் மொழிபெயர்ப்பில் 'மரக்கறி' என்று தமிழிலும் இருக்கிறது. நல்ல நாவல்தான், ஆனால் நீங்கள் கேட்கிற வகை இல்லை. அது நடுங்க வைக்கும், நெகிழ வைக்காது. உங்களுக்கு 'தி வைட் புக்'தான் சரி. பிறந்து இரண்டு மணி நேரத்தில் இறந்துபோன அக்காவைப் பற்றி, வெள்ளைப் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து எழுதிய சின்னச் சின்னக் குறிப்புகள். உப்பு, பனி, அரிசி, நிலவு. தனியாக இருந்த 22 வயதுத் தாய்க்குக் குறைமாதத்தில் வலி எடுக்கிறது, உதவிக்கு ஆளில்லை. அந்த நிலையிலும் குழந்தைக்கு ஒரு சட்டை தைக்கிறாள். பிறகு, செத்துப்போகாதே, செத்துப்போகாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். ஒரு மாலையில் முடித்துவிடலாம், ஆனால் கதையோட்டம் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

அவருடைய 'ஹ்யூமன் ஆக்ட்ஸ்' இதைவிடப் பெரிய படைப்பு என்பது என் கருத்து. 1980 மே மாதம் தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் ராணுவம் மக்களைச் சுட்டுத் தள்ளியதைப் பற்றியது. ஹான் காங் பிறந்த ஊர் அது. சம்பவத்துக்குச் சில மாதங்கள் முன்புதான் அவர் குடும்பம் தலைநகர் சோலுக்கு இடம்பெயர்ந்திருந்தது. தோங்-ஹோ என்ற பள்ளிச் சிறுவன் காணாமல்போன நண்பனைத் தேடி வந்து, பிணங்களைக் கணக்கெடுக்கும் வேலையில் நின்றுவிடுகிறான். ஆணா பெண்ணா, என்ன உடுப்பு, என்ன செருப்பு என்று பேரேட்டில் எழுதி எண் போடுகிறான். நாற்றம் தெரியாமலிருக்கத் தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றுகிறான். சுட்டது நாட்டின் ராணுவம், பிறகு ஏன் இவர்கள் மீது அதே நாட்டின் கொடியைப் போர்த்துகிறீர்கள் என்று கேட்கிறான். மனநிலை சரியில்லாத வாரத்தில் இதைத் தொடாதீர்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை.

கனம் குறைவாக வேண்டுமா? பனானா யோஷிமோட்டோவின் 'கிச்சன்', 1988. கடைசி உறவான பாட்டியும் போன பிறகு, மிகாகே என்ற பெண்ணுக்கு ஃப்ரிட்ஜ் பக்கத்தில் படுத்தால்தான் தூக்கம் வருகிறது. பின்பாதியில் அவளே சமையல் கலை ஆசிரியை ஒருவரின் உதவியாளராகிறாள். ஒரு நள்ளிரவில், எங்கோ தொலைவில் துக்கத்தோடு தங்கியிருக்கும் நண்பனுக்குக் கட்சுடோன் பார்சல் வாங்கிக்கொண்டு டாக்ஸியில் போய்ச் சுவர் ஏறிக் குதிக்கும் காட்சி ஒன்று இருக்கிறது. பன்றிக்கறிப் பொரியலும் முட்டையும் போட்ட சோறு அது. பசிக்கும் நேரத்தில் படிக்காதீர்கள். அதே புத்தகத்தில் 'மூன்லைட் ஷாடோ' என்று இன்னொரு சிறிய கதையும் உண்டு, சிலருக்கு அதுதான் கூடுதலாகப் பிடிக்கிறது.

வேலை, அடுப்பு, ஆடு எதுவுமில்லாமல், வெறும் கடிதங்களாலேயே ஆளை உட்கார வைக்கிற ஒன்றும் சொல்லிவிடுகிறேன்: யாசுஷி இனோவேயின் 'தி ஹன்டிங் கன்', 1949. ஒரே ஆணுக்கு மூன்று பெண்கள் எழுதிய மூன்று கடிதங்கள். ரகசியக் காதலியின் மகள், மனைவி, கடைசியில் இறந்துபோன அந்தக் காதலி. ஒவ்வொரு கடிதமும் முந்தைய கடிதத்தில் நாம் நம்பியதைத் தலைகீழாக்கும். ஏறக்குறைய நூறு பக்கம்தான் இருக்கும்.

'பிஃபோர் த காஃபி கெட்ஸ் கோல்ட்' ஏன் இல்லை என்று கருத்துப் பெட்டியில் நிச்சயம் யாராவது கேட்பீர்கள். மேடை நாடகமாக இருந்ததை நாவலாக்கியது அது, அந்த வாசனை இன்னும் போகவில்லை. காலப்பயண விதிகளைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், ஒவ்வொருவரும் தன் மனதில் இருப்பதைத் தானே விளக்கிச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். படிக்கவே கூடாது என்றில்லை, ரயிலில் ஓடிவிடும். ஆனால் அதைப் படித்து 'ஜப்பானிய நாவல் இவ்வளவுதானா' என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

பரிசாகக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால்: ரிட்டயர் ஆன அப்பாவுக்குப் பேராசிரியர் கதை. வீட்டில் சமீபத்தில் சாவு நடந்தவர்களுக்கு 'கிச்சன்' கொடுக்கலாம், 'தி வைட் புக்' இப்போதைக்கு வேண்டாம். ஏற்கெனவே 'டோட்டோ-சான்' படித்து உருகிய பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் ஹ்வாங் சன்-மியின் 'தி ஹென் ஹூ ட்ரீம்ட் ஷி குட் ஃப்ளை' வாங்குங்கள். கூண்டில் முட்டை போட்டுக்கொண்டே இருக்கும் கோழி, ஒரே ஒரு குஞ்சையாவது அடைகாத்துப் பொரிக்க வேண்டும் என்று வெளியேறி, கடைசியில் ஒரு வாத்து முட்டையைப் பொரித்து வளர்க்கிற கதை. அட்டைப்படத்தைப் பார்த்துக் குழந்தைக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். கடைசி அத்தியாயத்தை நீங்கள் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள்.