ஏழாம் தலைமுறைக்கு இடமில்லை

வணக்கம்.

நான் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். 2017இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று வைத்திருக்கிறேன். இன்டெல் ஐ5 சிப், ஏழாம் தலைமுறை. 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டுகளைப் பற்றிய குறிப்புகளையும் குடும்ப வரலாற்றையும் இதில்தான் வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்துவருகிறேன். விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, 11 இதில் ஏறாது என்று திரையில் செய்தி வருகிறது. கடைக்காரர், "இனிமே இது குப்பைதான் சார், 1500 ரூபாய்க்கு எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கறேன்" என்கிறார். பெங்களூரில் இருக்கும் மகன், "ஆப்பிள் வாங்கிடுங்கப்பா, தொல்லையே இருக்காது" என்கிறான். மெதுவாகத்தான் என்றாலும் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஓடுகிற சாமானைக் குப்பை என்று சொல்லவைப்பது திட்டமிட்ட ஏமாற்றா, இல்லை எனக்குத்தான் காலம் புரியவில்லையா?

ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள ஐயா,

முதலில் அந்தச் செய்தியைப் பற்றி. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாக அனுப்பிவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. கம்ப்யூட்டர் அது பாட்டுக்கு ஓடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கத்தான் ஆள் இருக்காது. கல்வெட்டுக் குறிப்பு எழுதுவதற்கு இதனால் பெரிய பாதகமில்லை. அதே கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் பார்ப்பவரென்றால் கவலைப்படத்தான் வேண்டும்.

ஓராண்டு நீட்டிப்பும் உண்டு. 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். அதற்கு 30 டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து உங்கள் செட்டிங்ஸையெல்லாம் அவர்களுடைய கிளவுடில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் இலவசம். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் சண்டைக்குப் போனதும் அந்தப் பேக்கப் நிபந்தனையை அங்கே மட்டும் தளர்த்தினார்கள். கேட்டவர்களுக்குக் கிடைத்தது. நாம் கேட்கவில்லை.

இனி உங்கள் கேள்வி. ஏமாற்று என்ற சொல்லை நான் பயன்படுத்தமாட்டேன். தேதியை முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார்கள். (2015இல் அந்த நிறுவன ஊழியர் ஒருவர் மேடையேறி, இதுதான் கடைசி விண்டோஸ் என்று சொன்னதை இப்போது யாரும் நினைவில் வைத்துக்கொள்ள விரும்புவதில்லை.) ஆனால் உங்கள் கம்ப்யூட்டர் ஏன் 11க்குத் தகுதியில்லை என்று அவர்கள் சொல்லும் காரணத்தைக் கொஞ்சம் தட்டிப்பார்த்தால் உள்ளே காலி.

பாதுகாப்புதான் காரணம் என்கிறார்கள். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். விண்டோஸ் 10 போட்டு விற்கும் புதிய மாடல்களில் டிபிஎம் 2.0 இருக்க வேண்டும் என்று 2016 ஜூலையிலேயே மைக்ரோசாஃப்ட் விதித்துவிட்டது. ஆகவே 2017இல் வாங்கிய உங்கள் இயந்திரத்தில் அது பெரும்பாலும் இருக்கும்; அணைத்து வைத்திருந்தால் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரையில்) போய் இயக்கிக்கொள்ளலாம். அடுத்தது, நினைவகத்தில் விஷமக் குறிமுறை புகுந்துவிடாமல் காக்கும் 'மெமரி இன்டெக்ரிட்டி' வசதி. வேகம் குறையாமல் இது வேலை செய்யச் சிப்புக்குள்ளேயே ஒரு துணை அம்சம் வேண்டும். அது இன்டெல்லின் கேபி லேக்கிலிருந்தே உண்டு என்று மைக்ரோசாஃப்ட்டின் சொந்த ஆவணமே சொல்கிறது. கேபி லேக் என்பது ஏழாம் தலைமுறை. உங்களுடையது.

அப்படியானால் எட்டாம் தலைமுறையில் ஏன் கோடு கிழித்தார்கள்? 2021இல் தகுதியுள்ள சிப்புகளின் பட்டியல் வெளியானபோது மைக்ரோசாஃப்ட்டே விற்றுக்கொண்டிருந்த சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2 என்ற கம்ப்யூட்டருக்குள் இருந்தது ஐ7-7820எச்க்யூ என்ற ஏழாம் தலைமுறைச் சிப். கூச்சல் எழுந்ததும் ஏழாம் தலைமுறை மடிக்கணினிச் சிப்புகளில் அந்த ஒன்றை மட்டும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். சொந்தக் கடைச் சரக்குக்கு விலக்கு, ஊரார் சரக்குக்கு விதி.

ஏழுக்கும் எட்டுக்கும் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மடிக்கணினிகளில் அதிகம் வந்த ஏழாம் தலைமுறை ஐ5-7200யூவில் இரண்டு கோர்கள், அதாவது கணக்குப் போடும் மூளைகள். அடுத்து வந்த 8250யூவில் நான்கு. வேகத்தில் அது பெரிய தாவல். ஆனால் வேகம் போதுமா போதாதா என்பது உங்கள் வசதியைப் பொறுத்தது. அதைப் பாதுகாப்புக் கணக்கில் எழுதுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். 2020 மார்ச்சில் இன்டெல் சிப்போடு ஆப்பிளின் மேக்புக் ஏர் மடிக்கணினி ஒன்று வந்தது. 2025 செப்டம்பரில் வெளியான ஆப்பிள் இயங்குதளமான மேக் ஓஎஸ் டாஹோ அதில் ஏறாது. ஐந்தரை ஆண்டுதான். பழைய பதிப்புக்குத் திருத்தங்கள் இன்னும் கொஞ்ச காலம் வரும், சரி. ஆனால் அந்த ஏரில் ரேமைக் கூட்ட முடியாது, பலகையோடு பற்றவைத்திருக்கும். ஆப்பிள் தன் சொந்தச் சிப்போடு இப்போது விற்கும் எம் வரிசை மடிக்கணினிகள் அருமையானவை, பேட்டரி நாள் முழுக்க நிற்கும். காசு இருப்பவர்கள் வாங்கலாம். தொல்லையே இருக்காது என்பது மட்டும் நிஜமில்லை.

ஃபோன் பக்கம் நிலைமை ஓரளவு திருந்தியிருக்கிறது. கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும் சாம்சங் 2024இல் எஸ்24க்கும் ஏழு ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் இதற்குச் சட்டமே உண்டு: ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு மென்பொருள் அப்டேட், ஏழு ஆண்டு உதிரிபாகம். நம் ஊரில் பதினைந்தாயிரம் ரூபாய் ஃபோன் வாங்கப் போகிறவர் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறார். கடைப் பையன் அதைத்தான் ஒப்பிக்கிறான். எந்த ஆண்டு வரை அப்டேட் வரும் என்று அவனைக் கேட்டுப்பாருங்கள், முழிப்பான். பால் பாக்கெட்டில் தேதி அச்சடிக்கிறோம், ஃபோன் பெட்டியில் ஏன் கூடாது? என் ஒரே கோரிக்கை இதுதான்.

உங்கள் இயந்திரத்துக்கு வருகிறேன். மெதுவாக ஓடுகிறது என்கிறீர்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஹார்ட் டிஸ்க்தான். அதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பொருந்தும், அதைவிட வேகமான சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள், ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். இப்போது ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. 2025 டிசம்பரில் ரேம் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம், நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த க்ரூஷியல் வியாபாரத்தையே இழுத்து மூடப்போவதாக அறிவித்தது. ஆகவே பழைய டிடிஆர்4 ரேம் கிடைத்தாலும் போதும். புதிய மடிக்கணினி வாங்குவதற்கு இது நல்ல நேரமே இல்லை.

பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். பென் டிரைவில் போட்டு, எதையும் அழிக்காமல் முதலில் ஓட்டிப்பார்க்கலாம். வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். லினக்ஸ் என்றதும் பயம் வேண்டாம். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் கைக்கு வந்த இயந்திரங்கள் பலவற்றில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. அதை யாரும் சொல்லித்தராததால் பயன்படாமல் போனது, அது வேறு கதை.

உங்களுக்கு உண்மையான சிக்கல் வானவில்தான். அது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடு அல்ல; எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் உங்கள் கல்வெட்டுக் குறிப்புகள் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். விண்டோஸை விடுவதற்கு முன்பே எல்லாக் கோப்புகளையும் யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கிரந்த எழுத்துகளும் மேற்கோள் குறிகளும் அங்கங்கே குழம்பும், ஒருமுறை மெய்ப்புப் பார்க்க வேண்டியிருக்கும். புதிய விண்டோஸ் வாங்கினாலும் இதைச் செய்யச் சொல்லியிருப்பேன். உங்கள் விரல்களுக்குப் பழகிய பழைய டைப்ரைட்டர் விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு. லினக்ஸின் தட்டச்சு மென்பொருளான ஐபஸ்ஸில் எம்17என் என்ற துணைத் தொகுப்பைச் சேர்த்தால் வரும். தமிழ்99உம் அதிலேயே இருக்கிறது.

கடைக்காரரிடம் 1500க்குக் கொடுக்காதீர்கள். எப்போதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். உங்கள் வருமான வரிக் கணக்கும் ஆதார் நகலும் அதில்தான் இருக்கும். இப்போது கழற்றப்போகும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு யுஎஸ்பி உறை வாங்கிப் போட்டால் கல்வெட்டுக் குறிப்புகளுக்கு இரண்டாவது பிரதியாகப் பீரோவில் வைத்துக்கொள்ளலாம்.