கொலைகாரன் முதலிலேயே தெரிந்துவிட்டால்?

கேள்வி: எங்கள் ஊர் ரசிகர்கள் சேர்ந்து, ஒரு ஞாயிறு மாலை நாலு மணிக்கு நூலகக் கூடத்துச் சுவரில் புரொஜெக்டர் போட்டு 'டபுள் இண்டெம்னிட்டி' பார்த்தோம். 'நுவார்' என்னும், இருட்டும் நிழலுமாக எடுத்த குற்றக் கதைப் படங்களில் உச்சம் என்கிறார்கள். ஆனால் கொன்றது யார் என்று கொன்றவனே ஆரம்பத்தில் சொல்லிவிடுகிறான்! படமும் வெளிறித் தெரிந்தது. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். தவறு எங்கே?
- வாசகர், கோத்தகிரி

பதில்: பாதித் தவறு அந்த நாலு மணி வெளிச்சத்தில்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

பில்லி வைல்டர் 1944-ல் இதை எடுத்தபோது ஹாலிவுட்டில் 'ஹேஸ் கோட்' என்ற தணிக்கை விதி கறாராக இருந்தது. குற்றவாளி தப்பித்துப் போவதாகக் காட்ட முடியாது. எப்படியும் மாட்டுவான் என்று தெரிந்த கதையில் ஆளை ஒளித்து வைத்து என்ன பயன்? இந்தப் படத்தில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் நெஃப் குண்டடிபட்ட தோளோடு ராத்திரி ஆபீசுக்கு வந்து, டிக்டஃபோன் என்ற குரல்பதிவுக் கருவியில் வாக்குமூலம் சொல்லத் தொடங்குகிறான். எந்த இடத்தில் சறுக்கினான் என்பதே மீதிப் படம்.

ஃபிலிஸின் கணவனைக் கொன்று தண்டவாளத்தில் பிணத்தைப் போட்டுவிட்டு, நெஃபும் அவனுக்குக் கூட்டாளியான ஃபிலிஸும் காரில் ஏறும் காட்சியை மறுபடி பாருங்கள். வண்டி கிளம்பாது. ஜனவரி உறைபனியில் விடியற்காலை வண்டி எடுத்துப் பழகிய நீலகிரிக்காரர்களுக்கு அந்தத் திணறல் நன்றாகவே தெரியும். 'கிளம்பிடணுமே' என்று நம் மனசும் தவிக்கும். அந்த நொடியில் நாமும் கொலைக்குக் கூட்டாளி. யார் கொன்றது என்று தேடிக்கொண்டிருந்தால் இந்தத் தவிப்பு கிடைக்காது. அடுத்து, க்ளெய்ம் அதிகாரி கீஸ் சுருட்டை வாயில் வைக்கும்போதெல்லாம் தீக்குச்சி கிழிப்பது யார் என்று கவனியுங்கள். கடைசிக் காட்சியில் அது கைமாறும். என் கணக்கில் படத்தின் உண்மையான அன்பு நெஃபுக்கும் கீஸுக்கும் இடையில்தான்.

இனி வெளிச்சம். புரொஜெக்டரால் கறுப்பைச் சுவரில் வீச முடியாது. ஒளி விழாத இடமே கறுப்பு. கூடத்தில் பகல் வெளிச்சம் இருந்தால் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். வண்ணப் படம் ஓரளவு தாங்கும், நுவார் தாங்காது. ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் அலுமினியத் துகள்களைக் காற்றில் பறக்கவிட்டு, ஜன்னல் வழி விழும் ஒளியில் தூசி மிதப்பதைக் காட்டினார். உங்கள் சுவரில் அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

ஏழு மணிக்குத் தொடங்குங்கள். 107 நிமிடப் படம், ஒன்பதுக்குள் முடிந்துவிடும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, சுவருக்கு வெள்ளைத் திரை. புரொஜெக்டரை 'விவிட்' மோடை விட்டு 'சினிமா' மோடுக்கு மாற்றுங்கள். நெஃப் இருட்டான ஆபீசுக்குள் வரும் இடத்தில் படத்தை நிறுத்தி, பிரைட்னஸைக் கறுப்பு வெளுக்கும்வரை ஏற்றுங்கள். பிறகு கோட்டின் மடிப்பு மங்கலாகத் தெரியும் அளவுக்கு இறக்குங்கள். கான்ட்ராஸ்டை அதற்கு அப்புறம் தொடலாம். படம் 100 செ.மீ. உயரம் என்றால் அகலம் 137 செ.மீ. வரவேண்டும். திரை முழுக்க விரிந்திருந்தால் முகங்கள் உப்பிவிடும். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை இருப்பதே சரி.

மலைக்கென்று ஒரு தொல்லை உண்டு. குளிரில் எடுத்துவந்த புரொஜெக்டரை ஆள் நிறைந்த கூடத்தில் உடனே திறந்தால் லென்ஸில் ஈரம் படியும், படம் பால் ஊற்றினதுபோல ஆகும். பையைத் திறக்காமல் அரை மணிக்கு மேல் கூடத்திலேயே வைத்திருங்கள். ஈரம் படிந்துவிட்டால் துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும், தானே உலரட்டும்.

கேள்வி: அதே படத்தில் நெஃப் வீட்டுக் கதவு வராந்தா பக்கம் திறக்கிறதே, பிழையா?
- வாசகி, கொடைக்கானல்

பதில்: பிழைதான், தெரிந்தே செய்தது. உள்பக்கம் திறந்தால் வராந்தாவில் நிற்கும் ஃபிலிஸ் கீஸின் கண்ணில் பட்டுவிடுவாள். அவள் ஒளிய ஒரு கதவு தேவைப்பட்டது.

கேள்வி: தமிழில் இந்த வகையில் எதைப் பார்க்கலாம்?
- வாசகர், குன்னூர்

பதில்: எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954). பாட்டே கிடையாது. சிவாஜி தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கிறார். சுட்டது யார் என்ற தேடல் கடைசிவரை உண்டு. கோத்தகிரி நண்பர்களும் இதை முதலில் போட்டுவிட்டு, அடுத்த வாரம் வைல்டருக்குத் திரும்பலாம்.